மேடு தெரிந்தால் ஸ்கிர்மியானா?

சனிக்கிழமை கருத்தரங்கில் நடந்ததை வந்திருந்தவர்களே எழுதிவிட்டார்கள். ஒரு காந்தப் படலத்தில் மின்சாரத்தை ஓடவிட்டு, காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டே குறுக்கே எழும் மின்னழுத்தத்தை அளந்திருந்தார்கள். இதுதான் ஹால் அளவீடு. வளைவில் மேடு இருக்கிறது, ஆகவே உள்ளே ஸ்கிர்மியான் என்ற காந்தச் சுழி இருக்கிறது என்றார்கள். வேறு சான்று கேட்டேன், சிரித்தார்கள். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். நேற்று ராத்திரி ஒருவர், "மதுரைக்காரருக்கு ஸ்கிர்மியான் என்றாலே பயம்" என்று சிரிப்பு எமோஜியோடு போட்டிருக்கிறார். சரி, பேசிவிடுவோம்.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. ஹால் அளவீட்டு வளைவில் மேடு தெரிந்தால் மட்டும் அது ஸ்கிர்மியான் ஆகிவிடாது. காந்தத் திசைகள் சுழிபோல முறுக்கிக்கொண்டு நின்றால், அதைக் கடக்கும் எலெக்ட்ரான், அங்கே இல்லாத ஒரு காந்தப்புலத்துக்கு விலகுவதுபோல விலகும்; அதனாலும் மேடு வரும். அந்த டோபாலஜிக்கல் ஹால் பொய் என்றா சொன்னேன்? மேடு மட்டும் போதாது என்றேன்.

ஸ்ட்ரான்சியம் ருத்தினேட் என்ற காந்த ஆக்சைடையே எடுங்கள். அதன் அனாமலஸ் ஹால், அதாவது பொருளின் சொந்தக் காந்தத்தால் வரும் ஹால் பங்கு, தடிமனுக்கும் வெப்பநிலைக்கும் ஏற்பக் குறியையே மாற்றிக்கொள்ளும். ஒரே படலத்தில் இங்கே ஓர் அடுக்குக் கூடுதல், அங்கே ஓர் அடுக்குக் குறைவு என்றிருந்தால் ஒரு பகுதி கூட்டலிலும் மற்றது கழித்தலிலும் நிற்கும். இரண்டின் காந்தத் திசையும் வெவ்வேறு புலத்தில் புரளும். ஒன்று புரண்டு மற்றது புரளாத அந்த இடைவெளியில் வளைவு எம்பும். ஸ்கிர்மியான் ஒன்றுகூட வேண்டாம். 2018-லிருந்தே இது அச்சில் இருக்கிறது ஐயா.

எங்கப்பாவுக்கு நகைப்பட்டறை, தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். உரைகல்லில் மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டு "தங்கம்தானே ஆசாரி?" என்று கேட்டால் பதிலே வராது. மாற்றுத் தெரிந்த தங்கத்தால் பக்கத்தில் ஒரு கோடு இழுப்பார், திராவகம் தொட்டுவைப்பார், அப்புறம்தான் வாய் திறப்பார். எட்வின் ஹால் 1879-ல் இந்த விளைவைக் கண்டதே மெல்லிய தங்கத் தகட்டில்தான் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். "எத்தனை மாற்று?" என்றார்.

"மாங்கனீஸ் சிலிசைடு என்ற காந்தப்பொருளில் மட்டும் ஸ்கிர்மியானை ஒத்துக்கொள்கிறீர்களே?" என்பார்கள். ஆமாம். அங்கே 2009-ல் நியூட்ரான் சிதறலில் ஸ்கிர்மியான் வரிசையைத் தனியாகவே பார்த்தார்கள். அது திராவகம். சனிக்கிழமை காட்டிய படலத்துக்கு யார் தொட்டுவைத்தது? காந்த விசை நுண்ணோக்கிப் படம் ஒன்று, அது இல்லையென்றால் ஒரு மைனர் லூப், அதாவது புலத்தை முழுதும் ஓட்டாமல் பாதியில் திருப்பி எடுக்கும் வளைவு. அதைத்தானே கேட்டேன்?

"எல்லாரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பொறாமை என்றால், இருக்கட்டும். குளிர்நிலை அளவீட்டுக்கு நாங்கள் மூன்று மாதம் காத்திருந்தால் வெளியூரில் இரண்டு நாள் கிடைக்கும். என் மாணவி மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறி, சாம்பிளை மடியில் வைத்துக்கொண்டு போய் எடுத்த வளைவிலும் மேடு இருந்தது. அழகான மேடு. மைனர் லூப் ஓட்டியதும் வெவ்வேறு புலத்தில் புரளும் இரண்டு பாகம்தான் என்று தெரிந்துவிட்டது. தலைப்பிலிருந்த ஸ்கிர்மியானை அவளேதான் அடித்தாள். கட்டுரை "புதுமை குறைவு" என்று திரும்பி வந்தது. அப்போது எமோஜி போட ஒருவரும் வரவில்லை.

அன்றைக்கு நீங்கள் சிரித்தபோது அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழியெல்லாம் பேசவில்லை. காளவாசல் சிக்னலில்தான் கேட்டாள், "சார், நாமும் ஸ்கிர்மியான்னே போட்டிருக்கலாமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.