சரஸ்வதி அம்மாவைத் தெரியுமா?

"பிதாகரஸ் தேற்றத்தை அவருக்கு முன்னாடியே நம்மவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று ஒரு ஃபார்வர்டு அடிக்கடி வரும். கீழே ஒரு கூட்டம் மீசையை முறுக்கும், இன்னொரு கூட்டம் நக்கலடிக்கும். இரண்டு தரப்பிடமும், இந்தியக் கணித வரலாற்றை ஆராய்ந்த டி. ஏ. சரஸ்வதி அம்மா யாரென்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தெரியாது.

1918இல் பாலக்காடு பக்கம் செர்ப்புளச்சேரியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம், இயற்பியல் பட்டம். அப்புறம் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருத எம்.ஏ. 1950களின் கடைசியில் மறுபடியும் சென்னை, சமஸ்கிருத அறிஞர் வே. ராகவனிடம் ஆராய்ச்சி. பிற்பாடு ராஞ்சியிலும் தன்பாத்திலும் கல்லூரி வேலை. 2000இல் காலமானார். மலையாள நாவலாசிரியை ராஜலட்சுமி இவருடைய தங்கை. இலக்கியம் படிப்பவர்களுக்குத் தங்கையைத்தான் தெரியும்.

இந்தியர்களுக்குக் கூட்டல் பெருக்கல், அல்ஜீப்ரா வரும், ஜியோமெட்ரி வராது என்று ஒரு பேச்சு நெடுங்காலம் இருந்தது. அதற்கு 1979இல் வந்த இவருடைய புத்தகம் பதில் சொன்னது. பண்டைய, இடைக்கால இந்திய வடிவியல் பற்றியது. யாகமேடை அளக்கக் கயிறு பிடித்த சுல்ப சூத்திரங்களில் தொடங்கி, சமணக் கணிதம், பிரம்மகுப்தரின் நாற்கரம் என்று கேரளத்துக் கணிதர் மாதவரின் வழிவந்தவர்கள் வரை நூல் நூலாக எடுத்துப் பார்க்கிறார்.

எனக்குப் பிடித்தது அவர் முன்பே கட்டுரையாக எழுதிய 'சிரேடீ க்ஷேத்திரம்' விஷயம். எண்தொடரைப் படமாகப் போட்டுக் கூட்டும் முறை. ஒன்றிலிருந்து பத்து வரை கூட்ட வேண்டுமா? ஒரு கட்டம், இரண்டு கட்டம், மூன்று கட்டம் என்று படிக்கட்டு மாதிரி வரிசையாக வையுங்கள். அதே மாதிரி இன்னொன்றைத் தலைகீழாக்கிப் பொருத்தினால் பத்துக்குப் பதினொன்று செவ்வகம். 110இல் பாதி 55. வர்க்கங்களின் கூட்டலுக்கு, மாதவர் வழிவந்த நீலகண்டர் ஒரே மாதிரி ஆறு அடுக்குகளைச் சேர்த்து ஒரு பெட்டியே கட்டிவிடுகிறார். 1, 4, 9 கூட்டினால் 14. அதன் ஆறு மடங்கு 84. பெட்டியின் அளவு 3, 4, 7. பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். விடையை மட்டும் சொல்லாமல், ஏன் அப்படி வருகிறது என்று கண்ணுக்குக் காட்டுகிறார்கள். நிரூபணம் என்று வேறு எதைச் சொல்வது?

இந்தப் பழைய நூல்களைப் பண்டிதர் மட்டும் படித்தால் சுலோகம் புரியும், கணக்கு விளங்காது. கணக்கு வாத்தியார் மட்டும் படித்தால் சுலோகத்திலேயே நின்றுவிடுவார். இரண்டும் தெரிந்த ஒருவர், வருஷக்கணக்கில் உட்கார்ந்து, எது மூலத்தில் இருக்கிறது, எது உரைகாரர் சேர்த்தது என்று பிரிக்க வேண்டும். பெருமை பேசுகிறவருக்கு அந்தப் பொறுமை கிடையாது. நக்கலடிக்கிறவருக்கும் கிடையாது.

நம் பள்ளியோ பிளஸ் ஒன்னிலேயே கேட்டுவிடுகிறது, ஃபர்ஸ்ட் குரூப்பா, ஆர்ட்ஸ் குரூப்பா என்று. பி.எஸ்சி. கணிதம் முடித்த பெண் அடுத்து சமஸ்கிருதமோ தமிழோ எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். வீடு சம்மதித்தாலும், கணிதத் துறை அவளை மொழிக்காரி என்னும், மொழித் துறை கணக்குக்காரி என்னும். இந்த நிலைமையில் அடுத்த சரஸ்வதி அம்மா எங்கிருந்து வருவார்? பாரம்பரியம், பாரம்பரியம் என்று முழங்குகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.