காளான் மருந்துக்கு அடங்காத கருகல்

போன கார்போகத்தில் நீலகிரியில் கேத்தி பக்கம் எங்கள் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. நாலு நாள் விடாத சாரல், மூடுபனி. இலை ஓரத்தில் எண்ணெய் பட்ட மாதிரி கறை, திருப்பினால் அடியில் வெள்ளைப் பூப்பு. கடைக்காரர் பார்த்துவிட்டு, "பூஞ்சாணம்தான், இதை அடிங்க" என்று ஹெக்சகோனசோலை எடுத்துக் கொடுத்தார். தேயிலைக் கொப்புள நோய்க்கு நாங்கள் அடிக்கும் அதே மருந்து. அப்பா இரண்டு தடவை அடித்தார். பத்து நாளில் நிலம் முழுக்கக் கருகி நாறியது.

கடைக்காரரைத் திட்டி என்ன செய்ய? நான் படித்த பாடத்திலும் இது பூஞ்சாணம்தான். 1876-இல் ஆன்டன் டி பாரி என்ற ஜெர்மன் தாவரவியலாளர் இந்தக் கருகல் கிருமிக்கு பைட்டோப்தோரா என்று பேர் வைத்தார். நூல் நூலாகப் பரவுகிறது, வித்து விடுகிறது, அதனால் காளான் கூட்டத்தில் சேர்த்தாயிற்று. பின்னால் மரபணுக்களை ஒப்பிட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இதன் சொந்தபந்தம் எல்லாம் கடலில்: பழுப்புக் கடற்பாசியும் டயாட்டம் என்ற நுண்பாசியும். காளானுக்கு இதைவிட நாம்தான் நெருங்கிய உறவு! அப்பாவிடம் சொன்னேன். "அப்போ மீன்காரன்கிட்டதான் மருந்து கேட்டிருக்கணும்" என்றார்.

வேடிக்கை இருக்கட்டும். காளானின் செல் சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருள் வேண்டும். அதை உருவாகவிடாமல் தடுப்பதுதான் ஹெக்சகோனசோலின் வேலை. கொப்புள நோய் அசல் காளான், அடங்குகிறது. பைட்டோப்தோரா அந்தப் பொருளைத் தயாரிப்பதே இல்லை. எரியாத அடுப்பில் தண்ணீர் ஊற்றின கதைதான். அதனால்தான் சொல்கிறேன், வகைப்பாடு என்பது ஆய்வுக்கூடத்துச் சண்டை இல்லை, எங்கள் மருந்துச் செலவு.

சரி, இதற்கென்றே இருக்கிற மெட்டலாக்சில் அடித்தால்? அங்கேயும் மரபணுதான் பேசுகிறது. இந்தக் கிருமிக்குள்ளேயே மரபணுவால் பிரியும் கால்வழிகள் உண்டு; ஐரோப்பாவை ஆட்டிவைத்த 13-ஏ2 என்ற கால்வழி தென்னிந்தியத் தக்காளியிலும் உருளையிலும் பிடிபட்டிருக்கிறது. அதற்கு மெட்டலாக்சில் உறைப்பதில்லை. கண்ணால் பார்த்தால் எல்லாக் கருகலும் ஒரே கருகல்தான்.

இந்தப் போகத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் ஓடுவது எந்தக் கால்வழி என்று மழைக்கு முன்பே ஊருக்குச் சொல்ல ஏற்பாடு வேண்டும். மருந்துப் பெட்டியில் 'பூஞ்சாணக்கொல்லி' என்று மொத்தமாக எழுதாமல், கருகலுக்குக் கேட்குமா கேட்காதா என்று தமிழில் பெரிய எழுத்தில் போடட்டும்.

கடைப்போகத்தில் நாங்கள் கறை தெரியும்வரை காத்திருக்கவில்லை. மூடுபனி இறங்கியதுமே மேங்கோசெப் என்ற தடுப்பு மருந்தை அடித்துவிட்டோம். அப்பா இலையடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.