கொழும்பை வெளிநாடு என்றே நினையுங்கள்

சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா. கடிகாரத்தைத் திருப்பக்கூட வேண்டாம், இரண்டு ஊருக்கும் நேரம் ஒன்றுதான். விமான நிலையத்திலேயே தமிழில் பலகை. கொழும்பில் தமிழர்கள் நிறைய இருக்கும் வெள்ளவத்தையில் காலி (Galle) வீதியில் நடந்தால் புடவைக் கடை, நகைக் கடை, சைவக் கடை, உள்ளே நம்ம ஊர் படப் பாட்டு. வேலைக்கு வரும் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர் முதல் வாரத்திலேயே “அட, இது நம்ம ஊருதானே” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்புறம் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அறைக்குள் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால். கேட்டால், “இங்க யாரும் ஒட்ட மாட்டேங்கிறாங்க.”

அந்த “நம்ம ஊரு” நினைப்புதான் இவர்களைக் கெடுக்கிறது என்பது என் கட்சி. துபாய்க்கோ ஜெர்மனிக்கோ போகிறவர் எதையும் கேட்டுக் கேட்டுத்தான் செய்வார். பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது, எதைப் பேசக்கூடாது, அந்த ஊர்ப் பாஷையில் நாலு வார்த்தை தெரிந்துகொண்டால் என்ன என்று யோசிப்பார். கொழும்புக்கு வருகிறவருக்கு அந்த யோசனையே வருவதில்லை. தமிழ் தெரிந்திருக்கிறதே, போதாதா?

போதாது. ஏனென்றால் இங்கே இருக்கும் தமிழர்களுக்கு நம்மைத் தெரிந்த அளவு நமக்கு அவர்களைத் தெரியாது. வெள்ளவத்தையில் ஒரு குடும்பத்தோடு பேசிப் பாருங்கள். கல்யாணப் புடவைக்குத் தி.நகர் போனது, போர்க்காலத்தில் வளசரவாக்கத்தில் வாடகைக்கு இருந்தது, அங்கே பிள்ளை படித்த பள்ளிக்கூடம் என்று எதையாவது சொல்வார்கள். நம் அரசியல்வாதிகள், நடிகர்கள், சீரியல்கள் அத்தனையும் அத்துபடி. பதிலுக்கு நாம் கிளிநொச்சி எங்கே இருக்கிறது, மட்டக்களப்பு எந்தத் திசை என்று முழிப்போம். ஹட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்து கொழும்புக் கடைகளில் வேலை பார்க்கும் மலையகத் தம்பிகளை “நீங்க யாழ்ப்பாணமா?” என்று கேட்போம். அவர்களில் பெரும்பாலோரின் முன்னோர் வெள்ளைக்காரன் காலத்தில் நம் மாவட்டங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள். அது கூடத் தெரியாமல் அவர்களிடம் போய் “தமிழன்டா” என்றால் சிரிக்க மாட்டார்களா?

இன்னொன்று, அந்தக் கேள்வி. அறிமுகமாகிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, “83ல உங்க வீட்டுக்கு என்ன ஆச்சு?” என்று ஆரம்பித்துவிடுவது. 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் வெள்ளவத்தையில் வீடும் கடையும் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் அதே ஒழுங்கைகளில்தான் (நம் சந்துகள்) குடியிருக்கிறார்கள். அவர்களாகச் சொல்லும் நாள் வந்தால் சொல்வார்கள், வராமலும் போகலாம். ஈழம் பற்றி அவர்களுக்கே பாடம் எடுக்கிற நம்மவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் எதிரே இருப்பவர் மரியாதையாகப் பிளேன்டீயை நீட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவார். இது புரியாதவர்களுக்கு இரண்டாவது அழைப்பு வருவதில்லை. சென்னைப் பழக்கத்தில் மறுநாளே “வா, போ” என்று ஒருமையில் இறங்குவதும் அப்படித்தான். யாழ்ப்பாணக் குடும்பங்களில் சின்னப் பிள்ளையைக்கூட “நீங்கள்” என்று கூப்பிடுவது சாதாரணம்.

சரி, நண்பர்கள் எங்கேதான் கிடைப்பார்கள்? நம் வயதில், நம் தொழிலில், சனிக்கிழமை சாயங்காலம் என்று தேடினால் கிடைப்பது கஷ்டம். அலுவலகத்தில் உங்களோடு வேலை செய்யும் தமிழர்களில் பாதிப் பேருக்குக் கொழும்பும் வெளியூர்தான். வெள்ளிக்கிழமை இரவு யாழ்ப்பாண பஸ் ஏறிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் நல்லூர் முருகன் கோயில் திருவிழா 25 நாள் நடக்கும், அந்தச் சமயத்தில் லீவு கேட்டு ஒரு பட்டியலே ஓடும். அதனால் வார நாட்களைப் பிடித்துக்கொள்வது நல்லது. மதியம் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பகிர்ந்து சாப்பிடும் அந்த அரை மணி நேரத்தில் நடக்கிற சிநேகம் எந்தப் பார்ட்டியிலும் நடக்காது. சொதியும் சம்பலும் கைமாறும்போது தட்டைத் தூக்கிக்கொண்டு தன் மேஜைக்குப் போய்விடுகிறவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

வயதையும் விட்டுவிடுங்கள். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் பிள்ளைகளை டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் அங்கிள், ஆன்ட்டிகள் நிறையப் பேர். அவர்களுக்குப் போனில் ஏதோ ஒன்று வேலை செய்யாது. நமக்கு இடியப்பம் செய்யத் தெரியாது. இதைவிடப் பொருத்தமான கூட்டு இந்த ஊரில் கிடையாது. எனக்கு இங்கே நெருக்கமான மூன்று பேரில் இரண்டு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். ஒருவர் என்னைக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு இழுத்துப் போனார். 1942ல் தொடங்கிய சங்கம், 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது, நல்ல நூலகம். சில பேச்சுகள் நீளம், பொறுத்துக்கொள்ள வேண்டும். கூட்டம் முடிந்து வாசலில் நின்று கதைக்கும்போதுதான் ஆட்கள் பழக்கமாவார்கள்.

தமிழர்களோடு மட்டும் பழகினால் பாதி ஊரை விட்டுவிடுகிறீர்கள். சிங்களம் நமக்குக் கஷ்டமே இல்லை, வாக்கியம் கிட்டத்தட்டத் தமிழ் போலவே ஓடும். 100ஆம் நம்பர் பஸ்ஸில் நடத்துநரிடம் “கீயத?” (எவ்வளவு?) என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். பௌத்தர்களின் பெரிய பண்டிகையான வெசாக் சமயத்தில் வீட்டுக்குள் இருக்காதீர்கள். தெருவுக்குத் தெரு தன்சல் (அன்னதானப் பந்தல்) போட்டுச் சோறும் ஐஸ்கிரீமும் இலவசமாகக் கொடுப்பார்கள். வரிசையில் நிற்பவர் என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை. என் சிங்கள நண்பர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வரிசையிலோ கிரிக்கெட் பார்க்கும்போதோ கிடைத்தவர்கள்தான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போனாலும் இதைப் பார்க்கலாம். இந்துவும் பௌத்தரும் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள்.

இந்தியர்களுக்கான வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றிக் கேட்பீர்கள். பழைய ஃபிரிட்ஜ் விற்க, விசா புதுப்பிக்க எந்தக் காகிதம் என்று கேட்க, அதற்கு நல்லது. நட்பு என்று போனால் ஏதாவது ஹோட்டலில் கூடி, இந்த ஊரில் என்னவெல்லாம் கிடைக்காது என்று பேசுவதுதான் நடக்கிறது. ஒரு பெண் தோழி இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டாள். புது ஊரில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு முதலில் பாதுகாப்பான கூட்டம் ஒன்று வேண்டும், அப்புறம்தான் உன் தன்சல் எல்லாம் என்பாள். அவள் சொல்வது நியாயம்.

வீடு மட்டும் நீங்களே பாருங்கள். கம்பெனி கொடுக்கிறது என்று கொம்பனித்தெருவில் முப்பதாவது மாடியில் ஏறிக்கொண்டால் லிஃப்ட் ஆட்களைத் தவிர யாரும் பழக்கமாக மாட்டார்கள். வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ பார்த்தால் பல மாத வாடகையை மொத்தமாக முற்பணம் கேட்பார்கள், தயாராக இருங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் காலியாகிவிடும், கடைகள் சில நாள் திறக்காது. அரிசி பருப்பை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். அந்தச் சமயத்தில் யாராவது “எங்கட ஊருக்கு வாங்கோ” என்றால் யோசிக்காமல் கிளம்பிவிடுங்கள். இரவு பஸ்ஸில் ஏசி கொல்லும், போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.