கண்டிக்கோட்டைக்கு மே மாதம் வேண்டாம்

புதுச்சேரியிலிருந்து கோடை விடுமுறைக்குப் போகக்கூடிய இடங்கள் என்று ஒரு பட்டியல் பார்த்தேன். அதில் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்திலுள்ள கண்டிக்கோட்டையைச் சேர்த்தது சரிதான். ஆனால் கோடை விடுமுறைக்குப் போகச் சொல்வது கொடுமை. மே மாதத்தில் கடப்பா பக்கம் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் உட்கார நிழல் கிடையாது, செம்பாறை அடுப்புக்கல்லாகக் கொதிக்கும். பொங்கலை ஒட்டிப் போங்கள். மழை முடிந்து மைலவரம் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நிற்கும்போதுதான் பள்ளத்தாக்குக்கே அழகு.

திண்டிவனம், ஆற்காடு, சித்தூர், ராயச்சோட்டி வழியாகக் கடப்பா, அப்புறம் ஜம்மலமடுகு. ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரமில்லை, ஒரு இரவாவது தங்க வேண்டும். சூரிய உதயம் பார்க்கத்தானே எல்லோரும் போகிறார்கள்! ஆனால் இருட்டில் டார்ச் இல்லாமல் பாறைகளில் ஏறாதீர்கள். விளிம்பில் தடுப்பு கிடையாது, செல்ஃபிக்காகப் பின்னால் நகரும் பிள்ளைகள் மேல் ஒரு கண் இருக்கட்டும். கோட்டைக்குள் மாதவராயர் கோயில், ஜும்மா மசூதி, தானியக் கிடங்கு மூன்றையும் நிதானமாகப் பாருங்கள். நேரமிருந்தால் பேலம் குகை.

இன்னொன்று, நம்ம ஊர் மது பாட்டிலை டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். முதல் சோதனைச் சாவடியிலேயே பயணம் முடிந்துவிடும்.