பக்ரீத்துக்குத் தேயிலைத் தொழிற்சாலை மூடணுமா?

பக்ரீத் அரசு விடுமுறை, அதனால் குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தொழிற்சாலைகள் கட்டாயம் மூட வேண்டும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

தமிழக அரசின் பட்டியலில் ரம்ஜான், பக்ரீத், மொஹரம், மிலாது நபி நான்கும் உண்டு. அந்தப் பட்டியல் அரசு அலுவலகங்களுக்கும் வங்கிகளுக்கும் உரியது. தொழிற்சாலைக்கு 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் தனி: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூடவே 5 பண்டிகை நாட்கள். அந்த ஐந்தில் பக்ரீத் இருக்கிறதா என்று உங்கள் தொழிற்சாலைப் பட்டியலைப் பாருங்கள். இருந்தும் வேலைக்கு அழைத்தால் இரட்டைச் சம்பளம்; அல்லது அன்றைய சம்பளத்தோடு, சம்பளமுள்ள மாற்று விடுப்பு.

பக்ரீத் எந்தத் தேதி என்ற குழப்பத்துக்குக் காரணம் பிறைதான். காலண்டரில் அச்சான நாள் உத்தேசம்; பிறை தெரிந்ததை வைத்துப் பண்டிகை நாளைச் சொல்லும் தலைமை காஜியின் அறிவிப்புக்குப் பின் அது மாறலாம்.