ஐஎஃப்எஸ்சி வேற, ஸ்விஃப்ட் வேறங்க

"வெளிநாட்டு பையருக்கு ஐஎஃப்எஸ்சி கொடுத்தாலே போதும், ரெண்டும் ஒண்ணுதான்"னு ஒரு அண்ணன் எழுதியிருக்காருங்க. அது தப்புங்ணா. திருப்பூர்ல புதுசா எக்ஸ்போர்ட் தொடங்குற பசங்க இதை நம்பி இன்வாய்ஸ் அடிச்சா பணம் நடுவுல மாட்டிக்கும்.

ஐஎஃப்எஸ்சிங்கறது வங்கிக் கிளையோட கோடு, நம்ம நாட்டுக்குள்ள நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ல பணம் அனுப்பறதுக்கு. 11 இடம், அஞ்சாவது எப்பவும் பூஜ்ஜியம். ஸ்விஃப்ட் கோடு வெளிநாட்டுல இருந்து பணம் வர்றப்ப நம்ம வங்கியை அடையாளம் காட்டறதுக்கு. அதுல வங்கிக்கு 4, நாட்டுக்கு 2, ஊருக்கு 2. கிளைக்கான கடைசி 3 இல்லாமலும் வரும், அதனால 8 எழுத்தே இருந்தாலும் பயப்படாதீங்க. அஞ்சாவது, ஆறாவது எழுத்து 'ஐ', 'என்'னு இருக்குதான்னு மட்டும் பாருங்க.

எல்லாக் கிளைக்கும் தனி ஸ்விஃப்ட் கோடு கிடையாதுங்க. காங்கேயம், பெருந்துறைப் பக்கம் சின்னக் கிளையில கணக்கிருந்தா, எந்தக் கோடு போடறதுன்னு வங்கியிலயே எழுதி வாங்கிக்குங்க. பையர் ஐபான் (சர்வதேச வங்கிக் கணக்கு எண்) கேட்டா, இந்தியாவுல அது இல்லைன்னு சொல்லிருங்க.