ஸ்கேனில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலே டிமென்ஷியாவா?

"எம்ஆர்ஐ ஸ்கேனில் மூளையில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது டிமென்ஷியா (மறதி நோய்), இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டு பாதியுமே தவறு.

மூளையின் உட்பகுதியில் நரம்பிழைகள் கொத்துக் கொத்தாக ஓடும் இடம்தான் வெண்பொருள். அங்கே போகும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வயதாலோ உயர் ரத்த அழுத்தத்தாலோ தடித்துப்போனால் இழைகளின் உறை தேய்ந்து, நீர்த்தன்மை கூடுகிறது. ஃபிளேர் என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சென்று தெரியும். அறுபது வயதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு, நல்ல நினைவாற்றலோடு நடமாடுபவர்களுக்கும்கூட, இது ஓரளவு இருக்கும்.

அளவைச் சொல்ல 1987-இல் வந்த ஃபசேகாஸ் அளவுகோல் இருக்கிறது. ஆழ்பகுதியில் புள்ளிகள் தனித்தனியாகச் சிதறியிருந்தால் 1, ஒன்றோடொன்று சேரத் தொடங்கினால் 2, பெரிய திட்டுகளானால் 3. ரிப்போர்ட்டில் '1' என்று பார்த்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைப்பவர்களை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. வாஸ்குலர் டிமென்ஷியா, அதாவது மூளை ரத்தக்குழாய் பாதிப்பால் வரும் டிமென்ஷியா, என்று சொல்லப் படம் மட்டும் போதாது; யோசிப்பதும் திட்டமிடுவதும் மந்தமாகி, அன்றாட வேலை தடுமாறவும் வேண்டும். 3 என்றால் மட்டும் அலட்சியம் கூடாது, ஆபத்து நிஜமாகவே அதிகம்.

சரி, ஒன்றும் செய்ய முடியாதா? அமெரிக்காவில் நடந்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வு 2019-இல் வெளியானது. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களுக்கு, 140 என்ற இலக்கு வைத்தவர்களைவிட இந்த வெள்ளைப் பகுதி குறைவாகவே வளர்ந்தது. அவரவருக்கு எந்த அளவு ஏற்றது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.